லித்தியம், ஒலான்சபின் பல வருடமாக எடுப்பவர்களுக்கு எந்த டெஸ்ட், எப்போது?

மேடவாக்கம் வாணி:

வணக்கம். தம்பிக்கு வயது 36, பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்). இரவில் லித்தியம் 900 மில்லிகிராமும் ஒலான்சபின் 10 மில்லிகிராமும் பல வருடமாகப் போகிறது. மனநிலை சீராக இருக்கிறது, வேலைக்கும் ஒழுங்காகப் போகிறான். ஆனால் எடை 68 கிலோவிலிருந்து 81 ஆகிவிட்டது. தாகம் அதிகம், கை லேசாக நடுங்குகிறது. மனநல மருத்துவர் தூக்கமும் மனநிலையும் கேட்கிறார். பொது மருத்துவரிடம் போனால், "இதெல்லாம் அந்த டாக்டர் பார்க்க வேண்டியது" என்கிறார். சொந்தக்காரர்கள் கிட்னி போய்விடும், நிறுத்து என்கிறார்கள்.

எந்த டெஸ்ட்டை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்? எந்த அளவு வந்தால் கவலைப்பட வேண்டும்? இந்த வாரம் பிரஷர் 146/94 இருந்ததால் மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். லித்தியத்தோடு எது ஒத்துப்போகும்?

அண்ணாநகர் செவிலி:

வாணி, நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் அடுத்த சில மாதங்களில் மேனியா (மனநிலை மிதமிஞ்சி ஏறும் கட்டம்) திரும்பும் ஆபத்து மிக அதிகம், தற்கொலை ஆபத்தும் கூடவே ஏறும். கிட்னியைப் பற்றிய பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் வருடக்கணக்கில் மெதுவாக வருவது, வழியிலேயே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரத்தத்தில் அளவு ஏறி நச்சாகிற ஒவ்வொரு தடவையும் கிட்னிக்கு அடி. அளவைச் சரியாக வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

லித்தியம் அளவு நிலையாக இருப்பவருக்கு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை போதும். 1.0-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நச்சு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயே நச்சின் அறிகுறிகள் வரலாம். கிட்னிக்குக் கிரியாட்டினின் (அதோடு கிட்னி வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர்.), தைராய்டுக்கு டி.எஸ்.எச்., கால்சியம் மூன்றும் 6 மாதத்துக்கு ஒருமுறை. கால்சியத்தை நிறைய பேர் எழுதிக்கொடுக்க மறந்துவிடுகிறார்கள், நீங்களே கேட்டு வாங்குங்கள். லித்தியம் பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டிக் கால்சியத்தை ஏற்றும். களைப்பு, மலச்சிக்கல், கிட்னிக் கல் என்று அது வேறு வேஷத்தில் வரும், மனச்சோர்வு என்று நினைத்து விட்டுவிடுவோம்.

தைராய்டு குறைந்தால் லித்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை, தைராக்சின் சேர்த்தால் போதும். காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால்.

இ.ஜி.எஃப்.ஆரில் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பயப்படாதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். 60-க்குக் கீழே வந்து மூன்று மாதம் அப்படியே இருந்தாலோ, ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே போனாலோ, சிறுநீரக மருத்துவரையும் மனநல மருத்துவரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

எடை ஒலான்சபினால் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆரம்ப எடையில் 5 சதவீதம் கூடினாலே மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது பொதுவான வழிமுறை. உங்கள் தம்பிக்கு அது 3.4 கிலோ. 13 கிலோ வரை யாரும் நிறுத்திக் கேட்காததுதான் எனக்கு வருத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, பிரஷர் எல்லாம் இப்போதே பாருங்கள், பிறகு வருடம் ஒருமுறையாவது. எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5-லிருந்து சர்க்கரை நோய். இடுப்பை டேப்பால் அளங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில். நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

பெரம்பூர் மருந்தாளர்:

பிரஷர் மாத்திரைதான் இதில் அவசரமான விஷயம், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே அதிகம் எழுதப்படுவது டெல்மிசார்டான். அந்த வகை மருந்துகளும், எனலாப்ரில், ராமிப்ரில் வகையும் லித்தியம் வெளியேறுவதைக் குறைத்து ரத்தத்தில் அளவை ஏற்றும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற தயசைடு வகை நீர் மாத்திரைகள் அதைவிட மோசம். மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே தயசைடு இருக்கும், பட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். அம்லோடிபின் லித்தியத்தோடு பொதுவாகப் பிரச்சினை செய்யாது. வெராபமில், டில்டியாசெம் வேண்டாம். வேறு வழியில்லாமல் டெல்மிசார்டான்தான் என்றால், லித்தியம் டோஸைக் குறைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே பேசி, ஆரம்பித்த ஒரு வாரத்தில் அளவு பார்த்து, அடுத்த சில வாரங்களும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிற குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். வருகிறவரிடம் லித்தியம் சீட்டைக் காட்டாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

"பிரஷர் இருக்கு, உப்பைக் குறை" என்பார்கள். திடீரென்று உப்பைக் குறைத்தால் சோடியம் போதாமல் கிட்னி லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குறைப்பதென்றால் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, இடையில் ஒருமுறை அளவு பாருங்கள்.

அடுத்தது வலி மாத்திரை. சிக்குன்குனியா, டெங்கு காய்ச்சல் சீசனில் மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போவார்கள். காம்பிஃப்ளாமில் இருப்பதும் ஐபுபுரூஃபன்தான். நாலைந்து நாளிலேயே லித்தியம் ஆபத்தான அளவுக்குப் போய்விடலாம். தம்பிக்கு பாராசிட்டமால் மட்டும், ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் வேண்டாம்.

கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டும் நாட்கள், வயிற்றுப்போக்கு, வாந்தி, நீரில்லாத விரதம், நோன்பு எல்லாம் ஒரே கணக்குதான்: உடம்பில் நீரும் உப்பும் இறங்கினால் லித்தியம் ஏறும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில்தான் கலக்கணும், பெரும்பாலும் முழுப் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

லேப் பக்கம்:

ரத்தம் எடுக்கும் இடத்தில் நடக்கிற இரண்டு தவறுகளைச் சொல்கிறேன், ரிப்போர்ட்டே பொய்யாகிவிடும்.

கடைசி டோஸ் எடுத்து 12 மணி நேரம் கழித்துத்தான் லித்தியம் சாம்பிள். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணி. வீட்டுக்கு வந்து எடுப்பவர் 6 மணிக்கே வந்து நின்றால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்தால் நோய் திரும்பும். இரண்டு வேளை போடுபவர்கள் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போடணும். டோஸ் மாற்றினால் 5 முதல் 7 நாள் கழித்துப் பாருங்கள்.

இரண்டாவது தவறு, ரத்தம் எடுக்கும் குழாய். பச்சை மூடிக் குழாய்களில் பலவற்றில் உறைவதைத் தடுக்க லித்தியம் ஹெபாரின் பூசியிருக்கும். அதில் எடுத்தால் மருந்தே சாப்பிடாதவருக்கும் லித்தியம் இருப்பதாகக் காட்டும். சிவப்பு மூடி அல்லது மஞ்சள் மூடி ஜெல் குழாய்தான் சரி. எதிர்பாராமல் உயர்ந்த அளவு வந்து ஆளிடம் எந்த அறிகுறியும் இல்லையென்றால், எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எந்தக் குழாய் என்று முதலில் கேளுங்கள். ஆளிடம் அறிகுறி இருந்தால் இந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம், நேரே எமர்ஜென்சி.

இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1.சி. கூடுதலாகக் காட்டலாம். அப்போது வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வண்ணை:

இடையில் ஒரு கேள்வி. ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து எடுக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று நான்கு மாதம். மருந்தாலா?

அண்ணாநகர் செவிலி:

இருக்கலாம், ஆனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. அதற்குப் பிறகு புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) அளவு. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு இரண்டும் அதை நன்றாக ஏற்றும். மார்பில் பால் கசிவதைப் பெண்கள் கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள், தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். மாதவிலக்கு வராதது நிம்மதி என்று வருடக்கணக்கில் விட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேயும். டோஸைக் குறைப்பது, அரிபிப்ரசோலுக்கு மாற்றுவது அல்லது அதைச் சிறிய அளவில் சேர்ப்பது என்று வழிகள் உண்டு. மாற்றிய பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மேடவாக்கம் வாணி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டெல்மிசார்டான் 40 ஏற்கெனவே வாங்கிவிட்டோம், இன்னும் போடவில்லை. தாகத்துக்கு அவன் டீயும் பாட்டில் ஜூஸும்தான் குடிக்கிறான். எடைக்கு மெட்ஃபார்மின் கேட்கலாமா?

அண்ணாநகர் செவிலி:

கேட்கலாம். ஒலான்சபினால் ஏறிய எடைக்கு மெட்ஃபார்மினுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பொதுவாக 500-ல் ஆரம்பித்து, சாப்பாட்டோடு, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுவார்கள். கிட்னி ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஆரம்பிக்கணும், இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே என்றால் கூடாது. பல வருடம் எடுத்தால் பி12 குறையும், சைவக்காரர் என்றால் வருடம் ஒருமுறை பாருங்கள். ஒலான்சபினுக்குப் பதில் எடை ஏற்றாத வேறொன்றுக்கு மாறலாமா என்பதையும் அதே சந்திப்பில் கேளுங்கள். மாற்றினால் பழையதைப் படிப்படியாகத்தான் இறக்குவார்கள்.

ஜூஸை உடனே நிறுத்துங்கள். லித்தியம் தாகத்தைச் சர்க்கரைத் தண்ணீரால் தீர்ப்பதுதான் பல பேருக்கு எடை ஏற இன்னொரு காரணம். தண்ணீர், உப்புப் போட்ட மோர் போதும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை அளந்து பாருங்கள், 3 லிட்டருக்கு மேல் போனால் மருத்துவரிடம் சொல்லணும். ஆனால் தாகத்துக்குச் சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம், அதனால்தான் சர்க்கரையை இப்போதே பார்க்கச் சொன்னேன்.

லேசான கை நடுக்கம் சகஜம். கை பெரிதாக ஆடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கோடு மயக்கமாக இருந்தாலோ அடுத்த டோஸைக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். போனதும் முதல் வார்த்தையே "லித்தியம் எடுக்கிறவர், அளவு பாருங்கள்" என்று இருக்கட்டும்.

பெரம்பூர் மருந்தாளர்:

டெல்மிசார்டானைப் பிரிக்காமல் வைத்திருங்கள். ஒரே ஒரு அளவை வைத்து ஆரம்பிக்க வேண்டிய பிரஷரும் இது இல்லை. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பேசாமல், கையை மார்பு உயரத்தில் வைத்து, இரண்டு மூன்று வெவ்வேறு நாட்களில் அளந்து எழுதுங்கள். அந்தத் தாளையும் லித்தியம் சீட்டையும் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் காட்டி, அம்லோடிபின் தரலாமா என்று கேளுங்கள். அதை ஆரம்பித்த பிறகு கணுக்கால் வீங்கினால் அவரிடமே சொல்லி டோஸை மாற்றுங்கள், வீக்கத்துக்கு நீர் மாத்திரை மட்டும் கடையில் வாங்கிவிடாதீர்கள்.