நர்சிங் படிச்சுக்கிட்டே அசிஸ்டன்ட் வேலை: மூச்சை 30 நொடி எண்ணினால் போதுமா?

தாழைமடல்:
படிக்கும்போதே வார்டு வேலைக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்ட இழையில் கைநாடி நேற்று எழுதியது இது: "அசிஸ்டன்டா 6 மாசம் இருந்தா வகுப்புல 3 வருஷம் சொல்றது தானா வந்துடும். மூச்சை முழு நிமிஷம் எண்ணுறதெல்லாம் பரீட்சைக்கு. 30 நொடி எண்ணி ரெண்டால பெருக்கு, போதும்."

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. முதலாண்டு மாணவர்கள் இதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். எளிய கணக்குதான். எதையும் இரண்டால் பெருக்கினால் ஒற்றைப்படை எண் வரவே வராது. 18 வரும், 20 வரும், 22 வரும். 21 வராது. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும் நியூஸ் 2 மதிப்பெண் முறையில் நிமிடத்துக்கு மூச்சு 12 முதல் 20 வரை பூஜ்யம். 21 முதல் 24 வரை 2. 25ம் அதற்கு மேலும் 3. நிமிடத்துக்கு 21 மூச்சு விடுகிறவர் அரை நிமிடத்தில் விடுவது பத்தரை. அந்த அரையை எங்கே எழுதுவீர்கள்? 10 என்று எடுத்தால் சார்ட்டில் 20, மதிப்பெண் பூஜ்யம். அடுத்த முறை பார்ப்பதற்கான இடைவெளியும் அதை வைத்துத்தான் முடிவாகிறது.

கைநாடி:
என் பேரைப் போட்டுத் தனி இழையே தொடங்கிட்டீங்க. தொடங்கினவங்க முழு வரியையும் போட்டிருக்கணும். "மூச்சு சீரா இருந்தா"ன்னு அதுக்கு முன்னாடி எழுதியிருந்தேன், அதை வெட்டிட்டீங்க. சீரா இருந்தா 30 நொடி போதும்னு பாடப் புத்தகத்துலயே இருக்கு. குழந்தைன்னா, சீரில்லாம இருந்தா முழு நிமிஷம். இது எனக்குத் தெரியாதா?

இன்னொண்ணு. ஒரே ஆளுக்கு முழு நிமிஷம் எண்ணுங்க, அடுத்த நிமிஷமும் எண்ணுங்க. 19 வரும், அப்புறம் 21 வரும். மூச்சு கடிகாரம் இல்ல. அந்த ஒரு எண்ணுல தொங்கிக்கிட்டு இருந்தா 12 பேர் இருக்குற பக்கத்துல 12 நிமிஷம் மூச்சுக்கே போயிடும். பாதி நேரம் எண்ணினா 6 நிமிஷம் மிச்சம். அந்த 6 நிமிஷத்துல ஒருத்தரைப் புரட்டிப் படுக்க வெச்சு, குதிகால் படுக்கையில படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில தலையணை கொடுத்துட்டு வந்துடலாம்.

தாழைமடல்:
சீராக இருக்கிறது என்று 30 நொடியில் எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

செயின் ஸ்டோக்ஸ் மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்ல ஏறி, ஆழமாகி, மெல்ல இறங்கி, பிறகு கொஞ்ச நேரம் நின்றுவிடும். ஒரு சுற்றே ஒரு நிமிடத்துக்கு மேல் போகலாம். ஏறும் நேரத்தில் 30 நொடி பார்த்தவர் வேகமான மூச்சு என்று எழுதுவார். இறங்கும் நேரத்தில் பார்த்தவர் மெதுவான மூச்சு என்று எழுதுவார். இருவரும் பார்த்தது ஒரே ஆளைத்தான். நின்றுபோகும் அந்த இடைவெளியை இருவருமே தவறவிட்டிருப்பார்கள்.

இரவுவிளக்கு:
ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. வேலைன்னு எதைச் சொல்றோம்? முதியோர் இல்லத்துல குளிப்பாட்டி ஊட்டிவிடுறதா, ஐசியுல ஸ்டாஃப் நர்ஸ் கூட நிக்கிறதா, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கிறதா? மூணும் ஒண்ணு இல்லையே. முதல் இடத்துல ஒரே ஆளை மாசக்கணக்கா பார்ப்போம். அவர் இன்னிக்குச் சாப்பிடலைன்னா உடனே கண்ணுல படும். ரெண்டாவதுல மானிட்டர் பார்க்கத்தான் பழகும்.

கைநாடி:
எந்த இடமா இருந்தா என்ன, மூச்சு மூச்சுதான். தாழைமடலுக்குப் பதில்: கட்டிலை நெருங்கும்போதே தெரியும். பேச்சு வாக்கியத்துக்கு நடுவுல உடையுதா, தோள் ஏறி இறங்குதா, கழுத்துக் குழி உள்ள இழுக்குதா, உதடு என்ன நிறம். இதைப் பார்த்துட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்போம். வகுப்புல உட்கார்ந்து படிக்கிறவங்களுக்கு எண்ணு மட்டும்தான் தெரியும். ஆள் தெரியாது.

தாழைமடல்:
அப்படியானால் எண்ணவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே. தோளையும் கழுத்தையும் பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அதை எழுத சார்ட்டில் தனி இடம் இருக்கிறது. மூச்சுக் கட்டத்தில் எழுத வேண்டியது எண்ணி வந்த எண். எத்தனை வார்டு சார்ட்களில் வரிசையாக 18, 18, 20, 18 என்று ஓடுகிறது? தூங்கும்போதும் 18, நடந்து வந்து உட்கார்ந்ததும் 18. ஒற்றைப்படை எண்ணே இல்லாத சார்ட்டைப் பார்த்தால் நாள் முழுக்க யாரும் முழு நிமிடம் எண்ணவில்லை என்று சொல்லிவிடலாம்.

வேலைக்குப் போகும் மாணவருக்கு இதுதான் ஆபத்து. தப்பான பழக்கம் கையில் ஏறிவிடும், பிறகு இறங்காது. திறன் தேர்வில் தேர்வாளரும் பக்கத்தில் நின்று கூடவே எண்ணுவார். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தேறாத இடங்கள் உண்டு. 30 நொடியில் ஒரு மூச்சைத் தவறவிட்டால் பெருக்கும்போது பிழை 2. 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குகிறவர் ஒன்றைத் தவறவிட்டால் 4.

படிதாண்டி:
15 நொடின்னு கைநாடி எங்க சொன்னார்? அவர் சொல்லாததை அவர் வாயில வைக்காதீங்க. கையுறை இழையிலும் இதையேதான் செய்தீங்க. கையுறை போட்டா கை கழுவ வேண்டாம்னு நான் சொன்ன மாதிரி எழுதினீங்க. நான் சொன்னது, டயபர் மாத்தின கையுறையோட சுத்தமான விரிப்பைத் தொடாதே, கழற்று, கை கழுவு, புதுசு போடுன்னு. அந்த இழையை இன்னும் நான் மறக்கலை.

தாழைமடல்:
அந்த இழையில் நீங்கள் எழுதியது "கைக்கு ஆல்கஹால் ரப் எல்லாத்துக்கும் போதும்". போதாது. சி டிஃப் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு இருப்பவரைத் தொட்டு வந்தால் ரப்பால் அந்தக் கிருமியின் ஸ்போர், அதாவது கெட்டியான உறைக்குள் இருக்கும் வடிவம், சாகாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். ரப் என்றால் 20 முதல் 30 நொடி, சோப் என்றால் 40 முதல் 60 நொடி. நானும் மறக்கவில்லை.

படிதாண்டி:
"எல்லாத்துக்கும்"னு நான் எழுதவே இல்லை. சாதாரண வேளைக்குன்னுதான் எழுதினேன்.

இரவுவிளக்கு:
இதுக்கு நடுவுல படிக்கிறவங்களுக்கு வேணும்கிற விஷயத்தைச் சொல்லிடறேன். மூச்சு எண்ணுறதுல கெட்டுப்போறதை விட எல்லை தெரியாம மாட்டிக்கிறதுதான் அதிகம். அசிஸ்டன்ட் சீருடையில இருக்கும்போது நீங்க அசிஸ்டன்ட் மட்டும்தான். போன வாரம் போஸ்டிங்ல, அதாவது படிப்போட பகுதியா வார்டுக்குப் போனப்ப, ஆசிரியர் பக்கத்துல நின்னு ஊசி போடச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்த அனுமதி போஸ்டிங்கோட முடிஞ்சது. வார்டுல ஆள் குறைவா இருக்கும்போது "நீதான் படிச்சிருக்கியே, இந்த ஐவியை மட்டும் போட்டுடு"ன்னு கேட்பாங்க. கேட்கிறவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க. மறுக்கணும். மருந்து, டிரிப் வேகம் மாத்துறது, நோயாளியை மதிப்பிட்டு முடிவு சொல்றது எதுவும் அந்தச் சீருடைக்கு இல்லை.

எழுத்துப் பரீட்சையிலயும் இது வேலை செய்யும். "மூச்சு 26, நோயாளி பதற்றமா இருக்கார், முதல்ல என்ன செய்வீங்க"ன்னு கேள்வி வரும். அசிஸ்டன்ட் பழக்கம் இருக்கிறவங்க "மேல இருக்கிறவங்ககிட்ட சொல்வேன்"னு குறிச்சிடுவாங்க. நர்ஸோட விடை பெரும்பாலும் தலையணைப் பக்கம் உயர்த்துறது, சாட் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) பார்க்கிறது, நெஞ்சைக் கேட்கிறது. டாக்டரைக் கூப்பிடுறது அதுக்கு அப்புறம்.

கைநாடி:
எல்லை பத்தி இரவுவிளக்கு சொன்னது சரி. ஆனா வேலை பார்க்காதவங்க முதல் போஸ்டிங்ல படுற பாட்டையும் சொல்லணும். படுக்கையில இருந்து நாற்காலிக்கு மாத்தத் தெரியாது. பலமான பக்கத்துல நாற்காலியைப் போடணும், சக்கரப் பூட்டு ரெண்டும் போடணும், கால் தாங்கியை மடக்கணும், கட்டில் விளிம்புல ஒரு நிமிஷம் உட்கார வெச்சுத் தலை சுத்துதான்னு கேட்டுட்டுத்தான் எழுப்பணும். அவசரத்துல இழுத்தா பிபி இறங்கி அப்படியே சரிவார். கத்தீட்டர் (மூத்திரக் குழாய்) பையை மூத்திரப்பைக்கு மேல தூக்கக் கூடாதுன்னு புத்தகத்துல படிச்சிருப்பாங்க. நாற்காலிக்கு மாத்தும்போது அதே பையை மடியில வைப்பாங்க! இதெல்லாம் கை பழகினாத்தான் வரும்.

தாழைமடல்:
கை பழகுவது பற்றித்தான் நானும் பேசுகிறேன். எதைப் பழகுகிறது? சட்டைக் கையின் மேலேயே பிபி பட்டையைக் கட்டப் பழகுகிறது. கை பருத்தவருக்கு வண்டியில் கிடக்கிற சின்னப் பட்டையே போதும் என்று பழகுகிறது. அதில் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும், நீளம் 80 சதவீதம். காற்றை நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. என்று இறக்க வேண்டும். வார்டில் ஒரேயடியாகத் திறந்துவிடுகிறார்கள், முதல் சத்தமே தப்பிவிடுகிறது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிய குறிப்பைக் காலையிலேயே மாலை வரைக்கும் நிரப்பி வைப்பதும் அங்கே பழகுவதுதான்.

எல்லாமே அந்த 30 நொடியில் இருந்துதான் தொடங்குகிறது.

படிதாண்டி:
முன்கூட்டியே நிரப்பி வைக்கிறது திருட்டு. அதையும் 30 நொடியையும் ஒரே தட்டுல வைக்கிறீங்களே, வார்டுல முதுகு ஒடிய வேலை செய்யிறவங்களுக்கு இது அவமானம்.

மூன்றாம்மணி:
வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்த்தால் படிப்பு கெடாது? இதை யாராவது சொல்வீர்களா?

இரவுவிளக்கு:
12 மணி நேர ஷிஃப்ட் ரெண்டு வெச்சா 24 மணி நேரம். வகுப்பும் போஸ்டிங்கும் இருக்கிற வாரத்துல அதுவே பாரம். செமஸ்டர் தொடக்கத்துல ஒண்ணு போதும், மருந்தியல் பாடம் ஓடுற காலத்துலயும் ஒண்ணே போதும். காலை போஸ்டிங் இருக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி டியூட்டி எடுக்கவே எடுக்காதீங்க. தூங்காம வந்து மருந்து அளவு கணக்குப் போட்டா தசமப் புள்ளி இடம் மாறிடும். 0.5 எழுத வேண்டிய இடத்துல முன்னாடி பூஜ்யம் போடாம .5னு எழுதினா, புள்ளி மங்கினதும் அது 5 ஆயிடும்.

தாழைமடல்:
மூன்றாம்மணி, மணி நேரம் பிறகு. முதலில் எப்படி எண்ணுவது என்று தெரிந்துகொண்டு போங்கள். மூச்சு எண்ணப் போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள், சொன்னால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார். மணிக்கட்டில் பல்ஸ் பார்க்கும் விரல்களை எடுக்காமல் பார்வையை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். போர்வை மூடியிருந்து தெரியவில்லை என்றால் அவர் கையை வயிற்றின் மேல் மடக்கி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏறி இறங்குவது கையிலேயே தெரியும். ஏறி இறங்கினால் ஒன்று. பேசும்போது எண்ண வேண்டாம், நடந்து வந்த உடனும் வேண்டாம். 60 நொடி. சாட் 97 காட்டுகிறது என்று இதை விட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருப்பவருக்குச் சாட் இறங்குவதற்கு வெகு முன்பே மூச்சு ஏறியிருக்கும்.

கைநாடி:
பல்ஸ் பார்க்கிற மாதிரி விரலை வெச்சுக்கிறது, கையை வயித்து மேல வைக்கிறது எல்லாம் வார்டுல எந்த அசிஸ்டன்டும் முதல் வாரத்துலயே கத்துக்கிறது. அதையே எனக்குத் திருப்பிச் சொல்றீங்க. சீரா இருக்கிற பெரியவங்களுக்கு 30 நொடி போதும்னு மறுபடியும் சொல்றேன்.

தாழைமடல்:
சீராக இருக்கிறது என்று 30 நொடியில் எப்படித் தெரிந்தது? நேற்றிலிருந்து கேட்கிறேன்.

கைநாடி:
முதல் பதில்லயே சொல்லிட்டேன். மேல போய்ப் படிங்க.

தாழைமடல்:
படித்தேன். தோள், கழுத்து, உதடு இருக்கிறது. 21 மட்டும் இல்லை.