பல்கலைக்கழகத்துக்கு உள்ளே போன வெட்டுப்புள்ளி கேட்டு உங்களை எடைபோட்ட ஆள் யாராவது உண்டா?

செட்டிகுளத்தான்:
மாமா வீட்டுச் சாமத்தியவீடு. பக்கத்துக் கதிரையில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். "எங்கை தம்பி படிக்கிறீர்?" பம்பைமடு என்றேன். "ஓ, யாழ்ப்பாணக் கம்பஸின்ரை கிளை." இல்லை ஐயா, 2021 ஆகஸ்ட்டில் இருந்து அது தனி, வவுனியாப் பல்கலைக்கழகம் என்றேன். "வெட்டுப்புள்ளி எவ்வளவு?" சொன்னேன். அவ்வளவுதான். கதிரையை அப்படியே மறுபக்கம் மச்சானிடம் திருப்பிவிட்டார் (அவன் மொறட்டுவைப் பல்கலைக்கழகம்). திருப்பினதைக்கூட விடலாம், கதிரைக்கால் என் செருப்பின் மேல் ஏறி நின்றது. சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை காலை எடுக்க முடியவில்லை.

முல்லைப்பிள்ளை:
உங்களுக்காவது கிளை என்றார்கள், எனக்குக் "கோட்டா", அதாவது மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவள். மருத்துவபீடம், முதல் வருடம், உடற்கூற்று மேசை. எதிரே நின்றவள் என்னுடைய இசட் புள்ளியை (உயர்தரப் பரீட்சையில் பாடங்களை ஒப்பிட்டுச் சீராக்கித் தரும் புள்ளி) கேட்டாள், நானும் சொல்லிவிட்டேன். உடனே விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள்: அந்தப் புள்ளிக்குத் தன் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்கள் என்று. ஒரு கை போதவில்லை. மேசையே கேட்டுக்கொண்டு நின்றது. வெட்டுக்கத்தி என் கையில், குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரசாயனவியல் ஆசிரியர் வந்ததே உயர்தரம் இரண்டாம் வருடத்தில்தான். அதைச் சொல்லியிருக்கலாம்.

ஏ9 பஸ்:
பிள்ளை, அதைச் சொல்லியிருந்தாலும் அவள் விரல் மடக்குவதை நிறுத்தியிருக்கமாட்டாள். கோட்டா என்று நக்கலடிப்பவர்களுக்குக் கணக்கே தெரியாது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் சனத்தொகைப்படி எல்லா மாவட்டங்களுக்கும், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அப்படிப் பார்த்தால் கொழும்புப் பிள்ளையும் மாவட்ட ஒதுக்கீட்டில்தான் போகிறது. பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த 70களின் தரப்படுத்தலை எங்கள் ஆட்கள் இன்றைக்கும் திட்டுகிறார்கள், மொழிவாரியாகச் செய்தது அநியாயம்தான். ஆனால் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்திராவிட்டால் வன்னியில் இருந்து எத்தனை பேர் போயிருப்பார்கள்? இதை யாழ்ப்பாணத்து மேடையில் சொல்லிப் பாருங்கள்! என் வகுப்பில் கடைசி நேரத்தில் யாழ்ப்பாணம் நல்லூரில் இருந்து ஒருவன் வன்னி ஒதுக்கீட்டை நம்பி வந்து சேர்ந்தான், பரீட்சை முடிந்த அன்றே பையைக் கட்டினான். ஒதுக்கீடு கூடாது என்று இப்போது முகப்புத்தகத்தில் எழுதுபவனும் அவன்தான்.

ஓய்வுபெற்ற வாத்தி:
பிள்ளைகள் சண்டை பிடிக்காமல் ஒன்றைக் கேளுங்கள். வெட்டுப்புள்ளி என்பது அந்த வருடம் அந்த மாவட்டத்தில் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளி, வேறொன்றும் இல்லை. எத்தனை இடம், எத்தனை பேர் அதை மேலே எழுதினார்கள் என்பதில்தான் அது ஏறி இறங்கும். வீட்டுக்குக் கிட்ட, ஊருக்குத் தூரம் என்று பார்த்துத்தான் அரைவாசிப் பேர் எழுதுகிறார்கள். ஆகவே விருப்ப வரிசையைப் போன வருடப் புள்ளியைப் பார்த்து எழுதாதீர்கள், உண்மையில் விரும்புகிற வரிசையில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் பாடநெறிக்குப் போடும் யூனிகோட் இலக்கத்தை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கவும், ஒரே பாடநெறிக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இலக்கம் வேறு. பிடிக்காத பாடத்தைச் சும்மா கிடக்கட்டும் என்று அடியில் போடாதீர்கள், அதுதான் கிடைக்கும். கிடைத்தால் பதிய முதல் ஒருமுறை நேரில் போய் ஆய்வுகூடத்தையும் விடுதியையும் பாருங்கள். ஆங்கிலத்தை இப்போதே தொடங்குங்கள். நான் படித்தது பேராதனையில். அங்கேயும் படித்து முடித்து வேலையில்லாமல் இருந்தவர்கள் உண்டு.

அறிவியல்நகர் ஆள்:
சேர், இங்கே ஒருவரும் விண்ணப்பம் நிரப்பவில்லை. என் கதை கொழும்பில், வேலைக்கான நேர்முகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றதும் மூன்று பேரும் தலையாட்டினார்கள், ஒருவர் நல்ல இடம் என்றுகூடச் சொன்னார். பொறியியல் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது என்று நானே வாயைக் கொடுத்தேன். சான்றிதழ் அதேதான், பெயர் அதேதான், ஆனால் முகம் மாறிவிட்டது. நடுவில் இருந்தவர் கேட்டார்: "அங்கே கரண்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கா?" நான் படித்தது மின் பொறியியல். வேலை கிடைத்தது, அது வேறு விஷயம். அந்தக் கேள்விக்கு "இருக்கு சேர்" என்று கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னேனே, அதுதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.