புதுப்பிப்பு: பின்னிய குடில் பொம்மைகள் இப்போது விழாமல் நிற்கின்றன

பேரப்பிள்ளைகளுக்காகக் கம்பளி நூலில் பின்னும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் சாய்ந்து விழுகின்றன, உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தெரிகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பஞ்சுக்குத் தீர்வு, ஊசியை மாற்றியதுதான். 4 மி.மீ. ஊசிக்குப் பதில் 3 மி.மீ. ஊசியில் அதே நூலைப் பின்னினேன், கண்ணிகள் நெருங்கிவிட்டன. பொம்மைகளும் கொஞ்சம் சிறுத்து, மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள் எல்லாரும் ஓலைக் குடிலுக்குள் வசதியாக அடங்கிவிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

நிற்க வைக்க அடியில் கனத்துக்கு அரிசி போடுவதா மணல் போடுவதா என்று பதில்களில் பேச்சு வந்ததே, மணல்தான் சரி. நம்ம ஊர்ச் சூட்டுக்கு அரிசியில் வண்டு வந்துவிடும். யோசனை சொன்னவர்களில் பாளையங்கோட்டை அக்கா சொன்னபடி, கழுவிக் காயவைத்த ஆற்று மணலைக் காடாத் துணிப் பையில் போட்டு, இரட்டைத் தையல் போட்டு அடியில் வைத்தேன். அதற்குக் கீழே வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் மூடி. அட்டை வைத்தால் துவைக்க முடியாது.

குழந்தை இயேசுவுக்கு மட்டும் வெறும் பஞ்சு. சின்னவன் எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயசு, அதனால் எந்தப் பொம்மைக்கும் மணிக்கண் வைக்கவில்லை. கறுப்பு நூலால் தைத்தேன்.

இன்னொன்று: குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானியின் பொம்மைக்கு, அங்கி பின்ன எடுத்த சிவப்பு நூல் சாயம் விட்டது. பின்னுவதற்கு முன் ஒரு துண்டு நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்.