முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தத்துக்கு என்ன கைம்மாறு?

கேள்வி:
அப்பாவுக்கு ஆபரேஷனில் 4 யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். கொடுத்தவர் யாரென்று ரத்த வங்கியில் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குச் செய்ய முடியாததை வேறு யாருக்காவது செய்ய நினைக்கிறோம். வீட்டில் 4 பேரும் இந்த வாரமே போய்க் கொடுத்துவிடலாமா? தேறியதும் அப்பாவும் கொடுக்கலாமா?

பதில் 1:
அப்பா இப்போதைக்கு வேண்டாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவரிடம் பல நாடுகளில் 12 மாதம் வரை எடுக்க மாட்டார்கள். சில நாடுகளில் எப்போதுமே எடுப்பதில்லை. நீங்கள் 4 பேரும் ஒரே நாளில் போகாதீர்கள். சிவப்பணுக்கள் குளிரில் வைத்தாலும் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 5 முதல் 7 நாள். எல்லோரும் ஒரே சமயத்தில் கொடுத்தால் கொஞ்சம் வீணாகும், அடுத்த மாதம் கேட்பவருக்கு இருக்காது. மாதம் ஒருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொடுத்த பிறகு ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம் இடைவெளி நல்லது.

பதில் 2:
முறை வைப்பது சரி, ஆனால் முதல் தடவை மயங்கி விழுந்தவர்களில் பலர் மறுபடி வருவதில்லை. அதனால் இதைக் கவனியுங்கள். வெறும் வயிற்றில் போகக் கூடாது. ஊசி போடுவதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். ரத்தம் இறங்கும்போது தொடை, கெண்டைக்கால் தசைகளை 5 விநாடி இறுக்கி விடுங்கள், திரும்பத் திரும்ப. காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும், அழுத்தம் சட்டென்று விழாது. முடிந்ததும் 15 நிமிடம் உட்காராமல் கிளம்பாதீர்கள். பலர் எழுந்து நடக்கும்போதுதான் சாய்கிறார்கள். அன்றைக்குக் கனமான எதையும் அந்தக் கையால் தூக்க வேண்டாம்.

450 மில்லி ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்தும் போய்விடும். அதை மீட்க உடம்புக்கு மாதக்கணக்கில் ஆகும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் இரும்பு சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் கெஞ்சி வாங்கச் சொல்லாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

பதில் 3:
இதை அழுத்தியே சொல்ல வேண்டும்: படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். 'எப்படியாவது கொடுத்தே தீரணும்' என்ற வேகத்தில் பச்சை குத்தியதையும், சாப்பிடும் மாத்திரையையும், போன வாரக் காய்ச்சலையும் விட்டுவிடுகிறார்கள். தொற்று வந்த முதல் சில நாட்கள் எந்தப் பரிசோதனையிலும் சிக்காது. அப்போது பாதிக்கப்படுவது உங்கள் அப்பாவைப் போலப் படுத்திருக்கும் இன்னொருவர்தான். கொடுத்த பிறகு காய்ச்சல் வந்தாலும் உடனே வங்கிக்குப் போன் செய்யுங்கள், அந்தப் பையை நிறுத்தி வைப்பார்கள்.

கொடுக்க முடியாத அப்பாவுக்கும் வேலை உண்டு. முதல் தடவை வருபவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கட்டும். முகம் வெளுத்து வியர்த்தால் ஊழியரைக் கூப்பிட்டு, உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்தச் சொல்லுங்கள்.