403 − 158: தூரத்திலிருந்து கணக்கு சொல்லிக்கொடுக்க ஆப் போதுமா, நோட்டைப் பார்த்தே ஆகணுமா?

வேகக்கணக்கு:
வெளியூரில் இருந்துகொண்டு மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர்கள், வீடியோ அழைப்பில் விளக்கம் சொல்லியே அரை மணி நேரத்தையும் தீர்த்துவிடுகிறார்கள். விளக்கத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் நடக்க வேண்டியது பயிற்சி. ஆப்பில் தினம் 40 கணக்கு, வாரம் 5 நாள். சரியா தப்பா என்று அதுவே உடனே சொல்லிவிடும். வகுத்தலின் நடுவில் 7 × 8 எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணுகிற பிள்ளைக்கு, எந்தப் படியில் நின்றோம் என்பதே மறந்துபோகும். எத்தனை விளக்கம் கொடுத்தாலும் அது தீராது.

மணிச்சட்டம்:
கடைசி இரண்டு வரியும் சரி. மற்றதை ஒத்துக்கொள்ள முடியாது. 403 − 158 என்ற ஒரே கணக்கை எடுங்கள். விடை 245.

பிள்ளை 355 என்று எழுதினால், மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறது: 8 − 3, 5 − 0, 4 − 1. விடை 345 என்றால், கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. நடுவில் உள்ள 0-ஐ 9 ஆக்கிவிட்டு, நூறாம் இடத்து 4-ஐ 3 ஆக்க மறந்திருக்கிறது. 255 என்றால் 0-ஐத் தாண்டி நூறாம் இடத்திலிருந்து நேராக ஒன்றாம் இடத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறது, பத்தாம் இடத்தில் 0 − 5-ஐத் திருப்பிப் போட்டு 5 எழுதியிருக்கிறது. மூன்றும் மூன்று நோய். ஆப் மூன்றுக்கும் ஒரே சிவப்புக் குறியைத்தான் போடும். அதே தப்பு முறையில் 40 கணக்குப் போட்டால் தப்புதான் கைக்குப் பழகும்.

ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் இத்தகைய பிழைகளைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரமும் இதுதான்: பல தவறுகள் கவனக்குறைவால் வருவதில்லை. பிள்ளை ஒரு தப்பான விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது.

வேகக்கணக்கு:
வீடியோவில் மட்டும் இதெல்லாம் தெரிந்துவிடுமா? தெரிவது பிள்ளையின் நெற்றியும் மின்விசிறியும்தான். “எங்க, நோட்டைக் காட்டு” என்றால் மங்கலாக ஆட்டிக் காட்டும். அதைவிட ஆப் அனுப்பும் மதிப்பெண் மேல்.

கட்டநோட்டு:
அது போனை வைக்கும் முறையில் உள்ள கோளாறு. மேசை மேல் சுமார் 30 செ.மீ. உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்குங்க. பின்பக்கக் கேமரா விளிம்புக்கு வெளியே நீட்டிக் கீழே நோட்டைப் பார்க்கிற மாதிரி போனைப் படுக்க வைச்சு, மேலே ஒரு கனமான புத்தகத்தைப் பாரமா வைங்க. கேமராவைப் பாரம் மறைக்கக் கூடாது. இனி உங்களுக்கு முகம் தெரியாது, கையும் நோட்டும் தெரியும். அதுதான் வேணும்.

வலது கையால எழுதுற பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வரணும், இல்லேன்னா கை நிழல் எழுத்து மேலயே விழும். பென்சில் கோடு வீடியோவில் வெளிறிப்போகும், கருப்புப் பேனா கொடுங்க. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு இலக்கம். இடமதிப்பு கோணிப்போய் வர்ற பிழைகள் அதுலயே குறைஞ்சிடும். ரப்பர் வேண்டவே வேண்டாம், தப்புன்னா ஒரு கோடு கிழிச்சுட்டுப் பக்கத்தில எழுதட்டும். அழிச்சுட்டா உங்களுக்குத் தடயமே இருக்காது.

மணிச்சட்டம்:
இதோடு ஒன்று. “இந்த 0 எப்படி 9 ஆச்சு?” என்று தப்பான கணக்கில் மட்டும் கேட்காதீர்கள். நாலு நாளில், “எப்படி?” என்றாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு விடையை மாற்றத் தொடங்கும். சரியான கணக்கிலும் கேட்க வேண்டும். கேட்டபின் 5 விநாடியாவது வாயைத் திறக்கக் கூடாது. அழைப்பில் குரல் தாமதமாகப் போய்ச் சேர்வதால், பிள்ளை பேச ஆரம்பித்த பிறகும் நமக்கு மௌனமாகவே தெரியும். அந்த நேரத்தில் நாம் பேசினால் அது நிறுத்திக்கொள்ளும்.

ஏணிப்படி:
கடன் வாங்கும் முறையையே விட்டுவிடலாமே? 158-லிருந்து ஏறிப் போங்கள். 160-க்கு 2, 200-க்கு 40, 400-க்கு 200, 403-க்கு 3. மொத்தம் 245. சில்லறை எண்ணிக் கொடுக்கிற முறைதான். பூஜ்யம் தொந்தரவே செய்யாது.

மணிச்சட்டம்:
முறை நல்ல முறை, நேரம்தான் தப்பு. ஒரு முறை பாதியில் உடைந்து நிற்கும்போது இன்னொன்றைக் கொடுத்தால், பிள்ளை இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கும். வகுப்பில் ஆசிரியர் கேட்பதும் பழைய முறையைத்தான். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 403-இல் 4-ஐயும் 0-ஐயும் சேர்த்து 40 பத்துகள் என்று படிக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தை எடுத்து ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்தால் மீதி 39 பத்து, 13 ஒன்று. 40-ஐ ஒரே கோட்டில் அடித்து மேலே 39. 13 − 8 = 5, 39 − 15 = 24. முடிந்தது. 345, 255 இரண்டும் வர இடமே இல்லை.

அடுத்து 503 − 267, 800 − 346 கொடுங்கள். அவற்றுக்கு நடுவே 652 − 318, கடனே தேவைப்படாத 405 − 203 இரண்டையும் நுழையுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் கோடு அடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

ஏணிப்படி:
40 பத்து என்று படிப்பது எனக்கும் பிடித்திருக்கிறது. ஏறிப் போவதை விடை சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1000 − 997 மாதிரிக் கணக்குக்கு யாராவது கடன் வாங்கினால் தடுப்பேன்.

வேகக்கணக்கு:
சரி, கழித்தலுக்கு ஆப் போதாது. வாய்ப்பாட்டுக்கு? அங்கே எந்த விளக்கமும் மனப்பாடத்துக்கு ஈடாகாது.

கட்டநோட்டு:
மனப்பாடம் வேணும்தான், ஆனா எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. 10 × 10 கட்டத்தில் 100 பெருக்கல். 6 × 8-ம் 8 × 6-ம் ஒண்ணுன்னு தெரிஞ்சா 55. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து வாய்ப்பாடுகளைக் கழிச்சா 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைச்சுச் சொல்லலாம், 9 × 7-ன்னா 70-ல 7 போக 63. அதையும் எடுத்தா மீதி 15தான்.

அந்த 15-க்கும் அட்டை எழுதி மூணு உறையில் போடுங்க: தினமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் ஒரு தடவை. நாளுக்குப் புதுசா 3 அட்டைக்கு மேல வேண்டாம். சரியாச் சொன்னா அடுத்த உறை, தப்பினா முதல் உறை. 5 நிமிஷ வேலை.

வேகக்கணக்கு:
இதில் கடிகாரம் எங்கே? நிமிடத்துக்கு 30 என்று வைத்தால்தானே பிள்ளை எண்ணுகிறதா, நினைவிலிருந்து சொல்கிறதா என்பது தெரியும்?

மணிச்சட்டம்:
அது தெரிய வேண்டும், உண்மை. ஆனால் கடிகாரம் திரையில் ஓடினால் பயந்த பிள்ளை ஊகித்துச் சொல்லும், 7 × 8 = 54 மாதிரி. பிறகு அந்த 54 ஒட்டிக்கொள்ளும். அழைப்பின் தாமதத்தால் நீங்கள் அளக்கும் வேகமும் பொய். அட்டையைப் பிள்ளையே திருப்பட்டும், மனதில் மூன்று எண்ணுங்கள். அதற்குள் வந்தால் சரி. அதற்கு மேல் ஆனால், விடை சரியாக இருந்தாலும் அட்டை அதே உறையில் இருக்கட்டும். கேமரா கையைப் பார்ப்பதால் விரல் மடக்குவதும் தெரியும்.

வேகக்கணக்கு:
மூன்று எண்ணுவதும் கடிகாரம்தான், பிள்ளைக்குத் தெரியாமல் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவே. அட்டை எல்லாம் மூன்றாவது உறைக்குப் போன பிறகு நான் ஆப்பையும் கடிகாரத்தையும் கொண்டுவருவேன். அப்போதுதான் அது பயிற்சி, சோதனை இல்லை.

கட்டநோட்டு:
அப்போ ஆப் கேக்குற கேள்வியை மட்டும் முதல்ல நீங்க போட்டுப் பாருங்க. தசமத்தில் 0.75 பெரிசா 0.5 பெரிசான்னு கேட்டா, 75 ஐந்தைவிடப் பெரிசுன்னு தப்பா நினைக்கிற பிள்ளையும் பாஸாயிடும். 0.35, 0.4 கேட்டாத்தான் மாட்டும். பின்னத்திலும் அப்படித்தான். 1/2 + 1/3 = 2/5-ன்னு எழுதினா திருத்த வேண்டாம். 12 செ.மீ. காகிதப் பட்டை ஒண்ணை வெட்டச் சொல்லுங்க. பாதி 6 செ.மீ., மூணில் ஒண்ணு 4 செ.மீ., சேர்த்தா 10. அதில 2/5-ன்னா 4.8 செ.மீ. “பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிப் பாதியைவிடக் குறைஞ்சுது?”ன்னு கேட்டுட்டு, பட்டை கேமராவுக்குக் கீழே இருக்கான்னு பாருங்க.