டீசல் வேனா பெற்றோல் வேனா, எது கூடக் கெடுதி?

கல்லடியான்: களுவாஞ்சிகுடியில இருந்து டவுனுக்கு ஸ்கூல் பிள்ளைகள ஏத்த பழைய வேன் ஒண்டு பாக்கிறன், டீசல் எண்டா செலவு குறைவு எண்டுறாங்க ஆனா அந்தக் கரும்புகைய நினைச்சா மனசு கேக்குதில்ல. உண்மையில எது மோசம்?

வாவிக்கரை: தம்பி, ஒரு லீற்றர் டீசல் எரிஞ்சா 2.7 கிலோ அளவுல காபனீரொட்சைட்டு வரும், பெற்றோல் எண்டா 2.3 கிலோ. ஆனா டீசல் எஞ்சின்ல அமுக்கம் கூட, அதே லீற்றருக்கு கூடத் தூரம் ஓடும், அதால கிலோமீற்றர் கணக்குல பாத்தா டீசல் மோசமில்ல. பிரச்சினை டீசல் புகையில வாற கரித்தூளும், மூச்சுக்குக் கெடுதியான நைதரசன் ஒட்சைட்டு வாயுவும்தான். 2012ல உலக சுகாதார அமைப்பின்ட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டீசல் புகை மனுசருக்குப் புற்றுநோய் வரவைக்கும் எண்டு உறுதியா சொல்லிட்டு. சின்னப் பிள்ளைகள் ஏறுற வேன், யோசிங்க.

கல்முனை கராஜ்: அண்ணன் சொன்னது சரி. புது டீசல்ல கரித்தூள் பிடிக்கிற பில்டர் இருக்கும், பழசுல இல்ல. எடுத்துத்தான் ஆகணும் எண்டா இன்ஜெக்டரையும் (எஞ்சினுக்குள்ள டீசலத் தெளிக்கிற பாகம்) எயார் பில்டரையும் முதல்ல பாருங்க, ஸ்கூல் வாசல்ல எஞ்சின ஓடவிட்டு நிக்காதீங்க.

கல்லடியான்: நன்றி அண்ணன்மார், பெற்றோல் வேனே தேடுறன்.