30 டன் பாறை: உளியா, பிரேக்கரா?

வேப்பனப்பள்ளி வேலு
எல்லாருக்கும் வணக்கம். எங்க நிலம் வேப்பனப்பள்ளி தாண்டி, குப்பம் பக்கம் ஆந்திரா எல்லையை ஒட்டி இருக்கு. நிலத்துக்கு நடுவுல ஒரு உருண்டைப் பாறை. மண்ணுக்கு மேல தெரியறது மட்டும் 12 அடி நீளம், 8 அடி அகலம், 6 அடி உயரம். மாட்டுக் கொட்டாய் போட அந்த இடம்தான் தோதா இருக்கு. பக்கத்து வீட்டுச் சுவர் 40 அடியில நிக்குது, அதனால வெடிங்கற பேச்சே இல்லை. பொக்லைன்ல பிரேக்கர் மாட்டிக்கிட்டு வர்றவர் "ஒரே நாள்ல தூள் பண்ணிடறேன்"ங்கறார். குப்பத்துப் பக்கமிருந்து ஒரு வயசான கல் மேஸ்திரி வந்து சுத்திப் பாத்துட்டு, "வேலிக்குக் கல்லுக்காலா எடுத்துத் தர்றேன், நானும் பையனும் போதும்"ங்கறார். மச்சான் சிரிக்கறான், இந்தக் காலத்துல எவன் உளி புடிக்கறான்னு. வேலிக்குக் கல்லுக்கால் எப்படியும் வாங்கியாகணும். உங்க யோசனை என்ன?

சைட் இன்ஜினியர்
மச்சான் சிரிச்சதுல தப்பே இல்லை. ஒரு கன அடி கருங்கல் 75 கிலோ. மூலையெல்லாம் உருண்டிருக்குன்னு கழிச்சுப் பாத்தாலும் மேல இருக்கறது மட்டும் 30 டன் வரும். ரெண்டு ஆள் உளியும் சுத்தியும் வெச்சுக்கிட்டு உக்காந்தா மழை வந்துடும். பிரேக்கரை விடுங்க, உடைஞ்சதைக் கொட்டாய்த் தரைக்கு அடியில போட்டு நிரவுங்க, கல்லுக்காலைக் கிருஷ்ணகிரியில லாரியோட வாங்கிக்கோங்க. கையால பிளக்கறதைப் பெருமையா பேசறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சம்மட்டியைத் தொட்டதே கிடையாது.

கல்லுக்கால்
நான் தொட்டிருக்கேன் சார். பர்கூர் பக்கம் எங்க தாத்தா, பெரியப்பா எல்லாருக்கும் அதுதான் பிழைப்பு. அதனால ரெண்டு விஷயம் சொல்றேன்.

பிரேக்கர் பாறையைக் குத்தி நொறுக்கும். மேஸ்திரி குழியில இறக்கற இரும்பு ஆப்பு பாறையை ரெண்டு பக்கமும் தள்ளி இழுக்கும். இது ரெண்டும் ஒண்ணு இல்லை. கருங்கல்லை அமுக்கினா சதுர சென்டிமீட்டருக்கு 1500 கிலோ சாதாரணமா தாங்கும். இழுத்தா அதுல பத்துல ஒரு பங்குலயே விட்டுடும். ஆப்பு அந்த வீக்கான இடத்துலதான் வேலை செய்யுது. அதனாலதான் ஒரு கிழவனால 30 டன்னைப் பிளக்க முடியுது, அவர் பலத்தால இல்லை.

மேஸ்திரி முதல்ல உளியைத் தொட மாட்டார். பாறை மேல ரெண்டு குடம் தண்ணியை ஊத்திட்டு நிழல்ல போய் உக்காருவார். வெயில்ல மேல்தளம் காஞ்சுடும், ஆனா முடி மாதிரி ஏதாவது விரிசல் இருந்தா அது மட்டும் கறுப்பா ஈரத்தோட நிக்கும். அதை விட்டு ஒதுங்கித்தான் கோடு போடணும். இல்லேன்னா பிளவு பாதி தூரம் போயிட்டு அந்த விரிசல்ல திரும்பிடும், காலு குட்டையாப் போயிடும். அப்புறம் வரி. நம்ம பக்கத்துக் கல்லுல கறுப்பும் வெள்ளையுமா பட்டை ஓடும். பட்டையோட போனா கல்லு சுலபமா விடும், குறுக்கே போனா ஆப்பு ரெண்டு மடங்கு வேணும். வரியே தெரியாத கல்லுலயும் ஓட்டம்னு ஒண்ணு இருக்கு, அதாவது கல்லு சுலபமா விடற திசை, சுத்தியால தட்டிப் பாத்தே சொல்லிடுவாங்க.

அப்புறம் கயித்துல காவியைத் தேய்ச்சுக் கோடு. கோட்டு மேல சாணுக்குக் கொஞ்சம் கம்மியா இடைவெளி விட்டு, ரெண்டு மூணு அங்குல ஆழத்துக்குக் குழி. குழியில ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு, நடுவுல ஆப்பு. இங்கதான் புதுசா வர்ற பசங்க கெடுத்துடுவாங்க: ஒரே ஆப்பைப் போட்டு ஓங்கி அடிப்பாங்க, குழி ஓரம் சில்லு சில்லா தெறிச்சுடும். வரிசையா ஒரே மாதிரி தட்டிக்கிட்டு கடைசிக்குப் போகணும், திரும்ப முதல்ல இருந்து. இறுக இறுக சத்தம் மேல ஏறிக்கிட்டே வரும், திடீர்னு ஒரு சுத்துல செத்த சத்தமா மாறிடும். அப்ப நிறுத்தணும். எங்க தாத்தா அந்த நேரத்துலதான் பீடி பத்த வெப்பார். பிளவு தானா உள்ளே இறங்க அவகாசம் கொடுக்கணும், அவசரப்பட்டு மறுபடி அடிச்சா வளைஞ்சு போகும்.

வேலுண்ணா, உங்களுக்கு எப்படியும் கல்லுக்கால் வேணும். பாறையைத் தூளாக்கக் காசு, அப்புறம் வேற பாறையில வெட்டின காலை வாங்கக் காசு. இது என்ன கணக்கு?

பல்லவ நேசன்
இரும்பு ஆப்பே எதற்கு? நம் முன்னோர்கள் காய்ந்த மர ஆப்பை இறக்கி, மாலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். இரவெல்லாம் மரம் ஊறிப் பருத்து, காலையில் பாறை இரண்டாகக் கிடக்கும். மாமல்லபுரத்துப் பாறைகளில் அந்தக் குழி வரிசை இன்றும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மோரும் கொள்ளுத் தண்ணீரும் ஊற்றிப் பாறையை இளக்கிய முறையும் நம்மிடம் இருந்தது. எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு பிரேக்கரா, உளியா என்று சண்டை போடுகிறோம்.

தேரை
பல்லவ நேசன் ஐயா, குழி இருக்கறது ஆப்பு வெச்சாங்கன்னு மட்டும்தான் சொல்லும். அது மரமா இரும்பான்னு குழி எப்படிச் சொல்லும்? எகிப்துல அஸ்வான் குவாரியிலயும் நூறு வருஷமா இதே மர ஆப்புக் கதையைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அங்க இருக்கற ஆப்புக் குழிகள் பெரும்பாலும் பிற்காலத்து இரும்பு ஆப்புக்குன்னுதான் இப்ப ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி டோலரைட்ங்கற கடினமான கல் உருண்டையால இடிச்சு இடிச்சே எடுத்திருக்காங்க. மாமல்லபுரத்துல முடிக்காம விட்ட வேலையைப் பாருங்க: பாறை முகத்துல கட்டம் கட்டமா பள்ளம் வெட்டி, நடுவுல நிக்கற கட்டியைத் தட்டி எடுத்திருக்காங்க. அது சுத்தமான உளி வேலை. அங்க இருக்கற எல்லாக் குழி வரிசையும் பல்லவர் காலத்து 7-ஆம் நூற்றாண்டுதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, பின்னால வந்தவங்களும் அதே இடத்துல கல் எடுத்திருப்பாங்க.

இரும்பு நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. வேலு இருக்கற அதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரைக்கும் போகுதுன்னு 2022-ல அரசே அறிவிச்சது. இவ்வளவு பழைய இரும்பைக் கையில வெச்சுக்கிட்டு எதுக்கு மரத்துல தண்ணி ஊத்திட்டு விடியற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கணும்?

மோர், கொள்ளு சமாச்சாரம் நிஜமாவே எழுத்துல இருக்கு. 6-ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் கிணறு வெட்டறப்ப பாறை குறுக்கே வந்தா என்ன செய்யறதுன்னு பிருகத் சம்ஹிதைங்கற நூல்ல எழுதியிருக்கார். மோர், கஞ்சி, கள்ளு, கொள்ளு, இலந்தைப் பழம் எல்லாம் வருது. ஆனா பாறையை நெருப்பு மூட்டிக் காய்ச்சின பிறகுதான் அதை ஊத்தச் சொல்றார். நீங்க மோரை வெச்சுக்கிட்டு நெருப்பை விட்டுட்டீங்க. வேலை செய்யறது சூடும் திடீர்க் குளிர்ச்சியும்தான், பச்சைத் தண்ணியே போதும். கருங்கல்லை மோர்ப் புளிப்பு ஒண்ணும் பண்ணாது.

பல்லவ நேசன்
அப்படியென்றால் நெருப்பு முறை உண்மை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். அது போதும் எனக்கு.

தேரை
தாராளமா. நெருப்புக்கு உங்களுக்குத் தெரியாத நல்ல சாட்சியே ஒண்ணு தர்றேன். 1895-ல வார்த் என்பவர் நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல பெங்களூர் கல் வேலையைப் பத்தி எழுதினார். சமமான பாறைத் தளத்து மேல விறகை ஒரு கோடா அடுக்கிக் கொளுத்தறாங்க. ஒருத்தர் சுத்தியால தட்டித் தட்டிக் கேக்கறார். அடியில கல்லு விட்டுடுச்சுன்னு சத்தத்துல தெரிஞ்சதும் எரியற விறகைச் சில அங்குலம் முன்னால தள்ளறாங்க. திரும்பத் தட்டு, திரும்பத் தள்ளு. இப்படியே 740 சதுர அடிக்கு, சராசரி 5 அங்குல கனத்துல ஒரே பலகையா பேர்ந்திருக்கு. ஆன விறகு முக்கால் டன். ஒரு கிலோ விறகுக்கு 30 கிலோ கல்லு! குப்பத்துல இருந்து பெங்களூர் எவ்வளவு தூரம்? இந்த வித்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னுதான் நான் நினைக்கறேன்.

சைட் இன்ஜினியர்
வேலு, தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு விறகை அடுக்கிடாதீங்க. கல்லுல இருக்கற குவார்ட்ஸ்ங்கற கனிமம் 573 டிகிரியில சட்டுனு பருக்கும். மேல் தோல் தெறிச்சு முகத்துல அடிக்கும், மிச்சக் கல்லும் உள்ளுக்குள்ள நொந்து போயிருக்கும்.

கல்லுக்கால்
இதுல இன்ஜினியர் சார் பக்கம்தான் நான். நெருப்பு வேலை படுத்துக் கிடக்கற பாறைக்கு, பலகை எடுக்க. உருண்டைக்கு இல்லை. கிழவனாரே கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

சித்தூர்க்காரி
எல்லாரும் பாறையைப் பத்தியே பேசறீங்க. எங்கப்பா சித்தூர் பக்கம் ஒரு குவாரியில ஆப்பு அடிச்சவர். கல்லுக்கால்னா ஒரு காலுக்கு இவ்வளவுன்னு கூலி. முக்கால்வாசி வேலை முடிஞ்ச கல்லு கடைசி நேரத்துல கோணலா பிளந்தா அந்தக் காலுக்குக் காசு கிடையாது, நாள் முழுக்க அடிச்சது அவர் கணக்குல போகும். ஆப்புத் தலையில இருந்து தெறிச்ச இரும்புச் சில்லு வலது கண்ணுல பாஞ்சு, அந்தக் கண்ணுல பார்வையே போச்சு. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ காசு மட்டும் கொடுத்தார். அப்புறம் அப்பா ஒத்தைக் கண்ணாலதான் கோடு போட்டார், அதுவும் நேராத்தான் வரும். அண்ணா, "சத்தம் செத்துப்போகும், பீடி பத்த வெப்பார்"னு நீங்க எழுதினது அழகா இருந்துச்சு. எங்க வீட்டுல அந்த வேலையைத் தம்பி கத்துக்கக் கூடாதுன்னு அம்மா உளியையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க.

சைட் இன்ஜினியர்
இதைத்தாங்க நான் முதல்லயே சொன்னேன்.

சித்தூர்க்காரி
இல்லைங்க, நீங்க சொன்னது வேற. நீங்க கை வேலையே வேணாம்னீங்க. நான் கூலியைப் பத்திச் சொல்றேன். குவாரியில மெஷின் வந்த பிறகு என்ன ஆச்சுன்னும் கேளுங்க. உளிக் குழிக்குப் பதிலா ஜாக்ஹாமர்னு கையில புடிச்சுத் துளை போடற மெஷின், தண்ணியே விடாம. மாவு மாதிரி தூசி. உளியில வர்றது பெரும்பாலும் சில்லு, கொஞ்சம் தூசி. ஜாக்ஹாமர்ல வர்ற நுண்தூசி கண்ணுக்கே தெரியாது, முகத்துல கட்டற துண்டுல நிக்காது. நுரையீரல்ல போய் உக்காந்தா சிலிக்கோசிஸ், அதுக்கு வைத்தியம் கிடையாது. உளி புடிச்சவங்களுக்கும் வருது, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க தெருவுல சின்ன வயசுலயே மூச்சு வாங்கறவங்க மெஷின்ல துளை போட்டவங்கதான்.

சைட் இன்ஜினியர்
நான் சொல்றது ஜாக்ஹாமர் இல்லைம்மா, பிரேக்கர். ஆள் கண்ணாடிக் கேபின்ல உக்காந்திருப்பார், ஒரு ஹோஸ் வெச்சுத் தண்ணி அடிச்சா தூசியும் அடங்கிடும். அந்த வயசான மனுஷனை வெயில்ல உக்கார வெக்கறதை விட இது மேல்னு நான் இப்பவும் சொல்வேன்.

கல்லுக்கால்
அந்த வயசான மனுஷன் தானா வந்து வேலை கேட்டார் சார். அவரை வெயில்ல இருந்து காப்பாத்தறேன்னு வருமானத்தையும் சேத்துக் காப்பாத்திடறீங்க. தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதனால கூலியை மாத்துவோம். வேலுண்ணா, காலுக்கு இவ்வளவுன்னு பேசாதீங்க, நாள் கூலியா பேசுங்க. கோணலா பிளந்தா அது கல்லோட கோளாறு, அவர் தலையில கட்டக் கூடாது. ரெண்டு பேருக்கும் கண்ணாடி நீங்களே வாங்கிக் கொடுங்க. ஆப்புத் தலை காளான் மாதிரி விரிஞ்சிருந்தா தேய்ச்சுட்டுத்தான் அடிக்கணும், சில்லு அந்த விளிம்புல இருந்துதான் பறக்கும்.

பாலாறு
பவுடர் யாரும் சொல்லலையே? துளை போட்டு, சுண்ணாம்புச் சத்து உள்ள பவுடரைத் தண்ணியில கரைச்சு ஊத்தினா ஒரு நாளுக்குள்ள பருத்துப் பிளந்துடும். சத்தமே இருக்காது. ஆனா நம்ம ஊர் வெயில்ல சில சமயம் துளையில இருந்து பீச்சியடிக்கும், ஊத்தின பிறகு குனிஞ்சு எட்டிப் பாக்கவே கூடாது. துளை போட எப்படியும் மெஷின் வேணும், அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

வேப்பனப்பள்ளி வேலு
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசினேன். கல்லுக்கால் அண்ணன் சொன்ன மாதிரியே தண்ணி ஊத்திட்டு உக்காந்தார். தெக்கு ஓரத்துல ஒரு கறுப்புக் கோடு நின்னுச்சு. "இந்த மூலை காலுக்கு ஆகாது, பிரேக்கர்காரன் வேணா எடுத்துக்கட்டும், மிச்சம் எனக்கு"ன்னுட்டார். நாள் கூலி பேசியாச்சு. கண்ணாடி வாங்கிட்டு வர்றேன்னு சொன்னேன், பையன் சரின்னான், அவர் சிரிச்சுட்டுப் பேசாம இருந்துட்டார். மிஞ்சற கல்லைப் பக்கத்து நிலத்துக்காரர் விலைக்குக் கேக்கறார், கொடுக்கலாமா?

சைட் இன்ஜினியர்
சொந்த நிலத்துக் கல்லுன்னாலும் விக்கறதுன்னா கனிமத் துறை பர்மிட் வேணும். லாரியை வழியில மறிச்சா ரெண்டு மாநிலத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டு நிப்பீங்க. உங்க வேலிக்கே வெச்சுக்கோங்க. கண்ணாடி போடலேன்னா அன்னைக்கு வேலை இல்லைன்னு சொல்லிடுங்க, பெரியவராச்சேன்னு பாக்காதீங்க. நான் இன்னும் பிரேக்கர் கட்சிதான்.

கல்லுக்கால்
தெரியும் சார். வேலுண்ணா, ஆப்பு வெக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்து மண்ணை அடி வரைக்கும் தோண்டி விட்டுடுங்க. பிளந்த துண்டு நகர இடம் இல்லேன்னா எவ்வளவு ஆப்பு இறக்கினாலும் பாறை வாயைத் திறக்காது. அந்தத் தோண்டற வேலைக்கு வேணா பொக்லைனைக் கூப்பிடுங்க, மேஸ்திரி கோவிச்சுக்க மாட்டார்.